ஒரே பெயர், நான்கு நோய்கள்: குழந்தைகளின் மூளைக் கட்டியை மூலக்கூறுகள் அடையாளம் காட்டுவது எப்படி?



காய்ச்சலோடு இருவர் ஒரே கிளினிக்குக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் உடல் வெப்பம் 39 பாகை செல்சியஸ். இருவருக்கும் தலைவலி, உடல்வலி. பார்வைக்கு இருவரின் நோயும் ஒன்றுபோலவே தெரிகிறது. இரத்தப் பரிசோதனை செய்த பிறகுதான் ஒருவருக்கு வந்திருப்பது சளிக்காய்ச்சல் என்றும், மற்றவருக்கு வந்திருப்பது டிங்கி என்றும் தெரிகிறது. முதலாமவர் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார். இரண்டாமவரின் இரத்தத் தட்டணுக்களைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். அவருக்கு ஆஸ்பிரின் போன்ற மாத்திரையைக் கொடுத்தால் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு. அறிகுறி ஒன்று; காரணம் வேறு; எனவே கவனிக்கும் முறையும் வேறு.

குழந்தைகளைத் தாக்கும் ஒரு மூளைக் கட்டியின் வரலாறும் இப்படிப்பட்டதுதான். ஏறக்குறைய 85 ஆண்டுகள் மருத்துவர்கள் அதை ஒரே நோயாகக் கருதிச் சிகிச்சை அளித்தார்கள். சில குழந்தைகள் முழுமையாகக் குணமடைந்தார்கள். சிலர் அதே சிகிச்சையைப் பெற்றும் இறந்தார்கள். காரணம் புரியவில்லை. உயிரணுக்களின் உள்ளே இருக்கும் மூலக்கூறுகளை ஆராய்ந்தபோதுதான் விடை கிடைத்தது. இந்த வாரப் பாடம் அதைப் பற்றியது.

கட்டியும் அது வளரும் இடமும்

அந்த நோயின் பெயர் மெடுல்லோபிளாஸ்டோமா. குழந்தைகளுக்கு வரும் வீரியமிக்க மூளைக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுவே. ஆயினும், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் இது மிக அரிய நோய். எனவே, தலை வலித்தவுடன் யாரும் அஞ்ச வேண்டியதில்லை. தலைவலிக்கு வேறு சாதாரணக் காரணங்கள் எத்தனையோ உள்ளன.

இந்தக் கட்டி பின்மண்டையில் இருக்கும் சிறுமூளைப் பகுதியில் வளர்கிறது. நடக்கும்போது சமநிலை தவறாமல் இருப்பதற்கும், கைகால்களைச் சீராக இயக்குவதற்கும் உதவுவது சிறுமூளை. அதன் முன்புறத்தில் மூளைத் தண்டுவட நீர் ஓடும் சிறிய அறை ஒன்று இருக்கிறது. கட்டி வளர்ந்து அந்த வழியை அடைத்தால் நீர் தேங்கி மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடும். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, தள்ளாடும் நடை ஆகியவை நாள்கணக்கில் தொடர்வது இதனால்தான். மேலும், இந்தக் கட்டியின் உயிரணுக்கள் அதே நீரில் மிதந்து சென்று முதுகுத்தண்டு வரை பரவக்கூடியவை. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

நுண்ணோக்கி காட்டியது என்ன?

1925-ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், பெர்சிவல் பெய்லி என்பவரோடு சேர்ந்து இந்த நோயை விவரித்துப் பெயர் சூட்டினார். நுண்ணோக்கியில் சிறிய, வட்டமான, கருநீலச் சாயம் ஏறிய உயிரணுக்கள் நெருக்கமாகத் தெரிந்தன. 'மெடுல்லோபிளாஸ்ட்' என்னும் ஒருவகை இளம் உயிரணுவிலிருந்து இவை தோன்றியிருக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணினார்கள். அப்படி ஓர் உயிரணுவை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

1930-இல் குஷிங் தம் நோயாளிகள் 61 பேரின் விவரங்களை வெளியிட்டார். மூன்று ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தவர் ஒருவர் மட்டுமே. 1953-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலிருந்து நல்ல செய்தி வந்தது. அங்கே பேட்டர்சன், ஃபார் என்னும் இரு மருத்துவர்கள் கட்டி இருந்த இடத்துக்கு மட்டுமன்றி மூளை முழுவதற்கும் முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர்வீச்சு அளித்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் பாதிக்கு மேற்பட்ட நோயாளிகள் உயிரோடு இருந்தார்கள். பிற்காலத்தில் வேதிச்சிகிச்சையும் சேர்ந்தபோது நிலைமை இன்னும் மேம்பட்டது.

ஆனால் ஒரு கேள்வி தீரவே இல்லை. ஒரே வயது, ஒரே அளவு கட்டி, ஒரே சிகிச்சை. இருந்தும் ஒரு குழந்தை பிழைக்கிறது, இன்னொரு குழந்தைக்கு நோய் திரும்பி வருகிறது. இது ஏன்?

2010: பாஸ்டன் கூட்டம்

உங்கள் உடலில் உள்ள எல்லா உயிரணுக்களிலும் ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கிறது. தோல் உயிரணுவும் நரம்பு உயிரணுவும் வேறுபடுவதற்குக் காரணம், எந்த மரபணு இயங்குகிறது, எது உறங்குகிறது என்பதே. 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு, ஒரு கட்டியில் இயங்கும் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் அளந்து பார்க்கும் கருவிகள் வந்தன. பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் மெடுல்லோபிளாஸ்டோமா கட்டிகளை இவ்வாறு அளந்தன. முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. கட்டிகள் தாமாகவே தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்தன.

2010-இல் இந்த ஆய்வாளர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கூடி, மெடுல்லோபிளாஸ்டோமாவில் நான்கு முதன்மையான உள்வகைகள் உள்ளன என்று உடன்பட்டார்கள். அந்த உடன்பாடு 2012-இல் வெளியானது. 2016-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் மூளைக் கட்டி வகைப்பாடும் மூலக்கூறு அடிப்படையை ஏற்றுக்கொண்டது. அந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வகை: விண்ட்

இது நூற்றில் சுமார் 10 பேருக்கு வருகிறது. 'விண்ட்' என்பது ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவுக்கு அனுப்பும் வளர்ச்சிச் செய்தியின் பெயர். பழ ஈக்களில் இந்த மரபணு பழுதானால் இறக்கை முளைக்காது. இறக்கையின்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் எலியில் கண்டறியப்பட்ட 'இன்ட்-1' என்னும் மரபணுவின் பெயரும் சேர்ந்து இப்பெயர் உருவானது.

சாதாரண உயிரணுவில் பீட்டா-கேட்டனின் என்னும் புரதம் இடைவிடாமல் தயாராகிறது. தயாரான வேகத்திலேயே அழிக்கவும்படுகிறது. விண்ட் செய்தி வந்தால் மட்டும் அழிப்பு வேலை நிற்கும். அப்போது பீட்டா-கேட்டனின் பெருகி, உட்கருவுக்குள் நுழைந்து, 'பிரிந்து பெருகு' என்று கட்டளையிடும் மரபணுக்களை இயக்கும். விண்ட் வகைக் கட்டியில் பீட்டா-கேட்டனினின் மரபணுவிலேயே பிறழ்வு இருக்கிறது. அழிக்கும் புரதங்களால் அதை அடையாளம் காண முடிவதில்லை. செய்தி வராமலேயே கட்டளை ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட கட்டி பயங்கரமானதாக இருக்கும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். உண்மையில் நான்கு வகைகளில் நன்கு குணமாவது இதுதான். இந்த வகை நோயுள்ள குழந்தைகளில் 100-க்கு 90 பேருக்கும் மேல் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள்.

இரண்டாம் வகை: சோனிக் ஹெட்ஜ்ஹாக்

இது நூற்றில் சுமார் 30 பேருக்கு வருகிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடமும், பெரியவர்களிடமும் அதிகம். 'ஹெட்ஜ்ஹாக்' என்றால் முள்ளெலி. இந்த மரபணு பழுதான பழ ஈயின் புழு, உடல் முழுவதும் சிறு முட்களோடு இருந்ததால் இப்பெயர் வந்தது. இந்த ஆய்வைச் செய்த கிறிஸ்தியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டு, எரிக் வீஷவுஸ் இருவரும் 1995-இல் எட்வர்ட் லூயிஸோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பிறகு முதுகெலும்பிகளில் இதே குடும்பத்து மரபணு கண்டுபிடிக்கப்பட்டபோது, வீடியோ விளையாட்டில் ஓடும் நீல முள்ளெலியின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்.

இந்தச் செய்தி சிறுமூளை வளர்வதற்கு மிகவும் தேவை. பிறப்பதற்கு முன்னும் பிறந்த சில மாதங்கள் வரையிலும், சிறுமூளையின் குறுமணி நரம்பணுக்களுக்கு முன்னோடியான உயிரணுக்கள் இதன் தூண்டுதலால்தான் வேகமாகப் பிரிகின்றன. பிறகு செய்தி குறைந்து, பிரிவதும் நின்றுவிடும்.

இது எப்படி இயங்குகிறது? உயிரணுச் சவ்வில் 'பேட்ச்டு' என்னும் புரதம் 'ஸ்மூதென்ட்' என்னும் இன்னொரு புரதத்தை அடக்கி வைத்திருக்கிறது. மோட்டார் சைக்கிளின் பிரேக்கைப் போல என்று எண்ணிக்கொள்ளுங்கள். செய்தி வரும்போது பிரேக் தளர்கிறது, உயிரணு பிரிகிறது. பேட்ச்டு மரபணு பழுதானால் பிரேக்கே இல்லை. நிற்க வேண்டிய வளர்ச்சி தொடர்கிறது.

மூன்றாம் வகையும் நான்காம் வகையும்

மற்ற இரண்டுக்கும் இத்தகைய தெளிவான ஒற்றைக் காரணம் கிடைக்கவில்லை. ஆகவே அவை 'குரூப் 3', 'குரூப் 4' என்று எண்ணாலேயே அழைக்கப்படுகின்றன.

குரூப் 3 நூற்றில் சுமார் 25 பேருக்கு வருகிறது. கைக்குழந்தைகளையும் சிறு பிள்ளைகளையும் தாக்குகிறது. நோயைக் கண்டறியும்போதே ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டி பரவியிருக்கும். இவர்களில் சிலரின் கட்டியில் 'மிக்' என்னும் வளர்ச்சி மரபணு பல மடங்கு நகலெடுக்கப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் சிகிச்சை மிகவும் கடினமாகிறது. நான்கில் மோசமான முன்கணிப்பு இவ்வகைக்கே.

குரூப் 4 நூற்றில் சுமார் 35 பேருக்கு வருகிறது; எண்ணிக்கையில் இதுவே பெரியது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. இதன் முன்கணிப்பு நடுத்தரமானது.

சராசரி மறைக்கும் உண்மை

இப்போது ஒரு சிறு கணக்கு. எளிமைக்காகத் தோராயமான எண்களை எடுத்துக்கொள்வோம். 200 குழந்தைகளுக்கு இந்த நோய் வந்திருக்கிறது. அவர்களில் விண்ட் வகை 20 பேர்; ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 19 பேர் உயிரோடு இருக்கிறார்கள். சோனிக் ஹெட்ஜ்ஹாக் 60 பேர். 45 பேர் இருக்கிறார்கள். குரூப் 3-இல் 50 பேர். 27 பேர் இருக்கிறார்கள். குரூப் 4-இல் 70 பேர். 53 பேர் இருக்கிறார்கள்.

கூட்டிப் பாருங்கள்: 144. அதாவது 200-க்கு 144, அல்லது 72 விழுக்காடு. பழைய முறையில் எல்லாப் பெற்றோரிடமும் மருத்துவர் சொல்லக்கூடியது இந்த 72 மட்டுமே. விண்ட் வகைக் குழந்தையின் தாய்க்கு அது தேவையற்ற அச்சத்தைத் தரும். அவருடைய பிள்ளைக்கு உண்மையான எண் 95. குரூப் 3 குழந்தையின் தாய்க்கு அது பொய்யான ஆறுதலைத் தரும். அங்கே உண்மையான எண் 54. சராசரி கணக்கில் தவறு எதுவும் இல்லை. வெவ்வேறு நோய்களை ஒன்றாகக் கலந்ததில்தான் தவறு.

ஒரே பிழை, இரண்டு விளைவுகள்

டி.பி.53 என்னும் மரபணுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். டி.என்.ஏ. சேதமடைந்தால் உயிரணுப் பிரிவை நிறுத்துவதும், சேதம் மிகுந்தால் அந்த உயிரணுவை அழியச் செய்வதும் இதன் வேலை. பல புற்றுநோய்களில் இது பழுதாகியிருக்கும். இது பழுதானால் முன்கணிப்பு மோசம் என்று பொதுவாகச் சொல்வார்கள். மெடுல்லோபிளாஸ்டோமாவில் இது சரியா?

2013-இல் வெளியான ஓர் ஆய்வு உள்வகைகளைப் பிரித்துப் பார்த்தது. சோனிக் ஹெட்ஜ்ஹாக் வகையில், டி.பி.53 நல்ல நிலையில் இருந்தவர்களில் 81 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அது பழுதாகியிருந்தவர்களில் 41 விழுக்காட்டினரே வாழ்ந்தார்கள். பாதிக்குப் பாதி! விண்ட் வகையிலோ, நல்ல நிலையில் இருந்தவர்களுக்கு 97 விழுக்காடு, பழுதானவர்களுக்கு 90 விழுக்காடு. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஒரே மரபணுவில் ஒரே மாதிரியான பழுது. ஆனால் அது எந்த வகைக் கட்டியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது. இதனால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு, சோனிக் ஹெட்ஜ்ஹாக் வகையை டி.பி.53 பழுதானது, பழுதாகாதது என்று மேலும் இரண்டாகப் பிரிக்கிறது. இவர்களில் சிலருக்கு அந்தப் பழுது பிறவியிலேயே உடலின் எல்லா உயிரணுக்களிலும் இருக்கும். அப்போது குடும்பத்தினரும் மரபணு ஆலோசனை பெற வேண்டியிருக்கும்.

விண்ட் வகை ஏன் எளிதில் குணமாகிறது?

மூளையின் இரத்தக் குழாய்கள் மற்ற உறுப்புகளின் குழாய்களைப் போன்றவை அல்ல. அவற்றின் சுவரில் உள்ள உயிரணுக்கள் இடைவெளியின்றி நெருங்கி ஒட்டியிருக்கும். இரத்தத்தில் வரும் பல பொருள்கள் மூளைக்குள் நுழைய முடியாது. இதை இரத்த-மூளைத் தடுப்பு என்கிறோம். இது நச்சுப் பொருள்களைத் தடுக்கிறது. கூடவே புற்றுநோய் மருந்துகளையும் தடுத்துவிடுகிறது.

இந்தத் தடுப்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருப்பதற்கு இரத்தக் குழாய்களுக்கு விண்ட் செய்தி தேவை. விண்ட் வகைக் கட்டி என்ன செய்கிறது என்றால், அந்தச் செய்தியை முடக்கும் பொருள்களைச் சுற்றிலும் சுரக்கிறது. இதனால் கட்டிக்குள் இருக்கும் இரத்தக் குழாய்களில் ஓட்டைகள் விழுகின்றன. மருந்து தாராளமாக உள்ளே புகுகிறது. சுண்டெலிகளிலும் மனிதக் கட்டி மாதிரிகளிலும் செய்த ஆய்வின் வழி 2016-இல் இது தெரியவந்தது. தன்னைக் காக்கும் கதவைக் கட்டி தானே திறந்து வைத்திருக்கிறது. சோனிக் ஹெட்ஜ்ஹாக் வகைக் கட்டியிலோ அந்தக் கதவு மூடியே இருக்கிறது.

எவ்வளவு கதிர்வீச்சு?

முன்கணிப்பு தெரிந்தால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். பயன் இங்கேதான் இருக்கிறது.

கதிர்வீச்சின் அளவை 'கிரே' என்னும் அலகால் அளக்கிறோம். ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை உட்கொண்டால் அது ஒரு கிரே. இந்த நோய் தண்டுவட நீரின் வழி பரவக்கூடியது என்பதால், மூளை, முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர்வீச்சு தரப்படுகிறது. நோய் பரவாதவர்களுக்கு வழக்கமாக 23.4 கிரே, பரவியவர்களுக்குச் சுமார் 36 கிரே. கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதலாகவும் தரப்படும்.

இந்தக் கதிர்வீச்சு உயிரைக் காக்கிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. வளர்ந்துகொண்டிருக்கும் மூளை அதைத் தாங்குவது கடினம். பிழைத்த பிள்ளைகள் பலருக்கு நினைவாற்றலும் கற்கும் வேகமும் குறைகின்றன. வளர்ச்சி இயக்குநீர் குறைந்து உயரம் தடைப்படுகிறது. வயது எவ்வளவு குறைவோ, பாதிப்பு அவ்வளவு அதிகம். பள்ளிக்குத் திரும்பி வரும் அந்தப் பிள்ளை, முன்பு பத்து நிமிடத்தில் முடித்த வீட்டுப்பாடத்துக்கு ஒரு மணி நேரம் போராட நேரலாம். ஆகவே கதிர்வீச்சைக் குறைக்க முடியுமா என்பது வெறும் ஆய்வுக்கூடக் கேள்வியன்று.

எல்லாருக்கும் குறைத்துப் பார்த்தால் என்ன? அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய் ஆய்வுக் குழு ஒன்று இதைச் சோதித்தது. நோய் பரவாத, 3 முதல் 7 வயது வரையிலான பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு 23.4 கிரே, மற்றப் பிரிவினருக்கு 18 கிரே. 2021-இல் முடிவுகள் வெளியாயின. வழக்கமான அளவு பெற்றவர்களில் சுமார் 83 விழுக்காட்டினர் நோய் திரும்பாமல் ஐந்து ஆண்டுகளைக் கடந்தார்கள். குறைந்த அளவு பெற்றவர்களில் சுமார் 71 விழுக்காட்டினரே கடந்தார்கள். எல்லாருக்கும் ஒரேயடியாகக் குறைப்பது சரியன்று என்பது தெளிவானது.

அப்படியானால் குறைத்தாலும் பாதிக்கப்படாதவர்கள் யார் என்று முதலில் கண்டறிய வேண்டும். நன்கு குணமாகும் விண்ட் வகைப் பிள்ளைகளே அதற்குப் பொருத்தமானவர்கள். எனவே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இவ்வகைப் பிள்ளைகளுக்கு மட்டும் 18 கிரே, 15 கிரே எனக் குறைத்துப் பார்க்கும் மருத்துவச் சோதனைகள் தொடங்கப்பட்டன.

இங்கும் எல்லை உண்டு. மும்பையில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, விண்ட் வகைப் பிள்ளைகளுக்குக் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு அளித்தார்கள், முதுகுத்தண்டுக்கு அளிக்கவில்லை. ஏழு பிள்ளைகளில் மூவருக்கு நோய் வேறிடத்தில் திரும்பியது. உடனே அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது. நல்ல முன்கணிப்பு என்பது சிகிச்சையே வேண்டாம் என்று பொருள்படாது. அந்த நல்ல எண்ணே முழுச் சிகிச்சை பெற்றவர்களிடமிருந்து வந்ததுதான். அந்த ஆய்வைத் தக்க நேரத்தில் நிறுத்தி, தோல்வியை மறைக்காமல் வெளியிட்டதும் அறிவியலுக்குச் செய்த சேவையே. மற்ற மருத்துவர்கள் அதே பாதையில் போகாமல் தடுத்தது அது.

சோனிக் ஹெட்ஜ்ஹாக் வகையிலும் இதற்கு இணையான ஒரு நன்மை உண்டு. இவ்வகை நோய் வந்த கைக்குழந்தைகளில் பலரைக் கதிர்வீச்சே இல்லாமல் வேதிச்சிகிச்சையால் மட்டும் குணப்படுத்த முடிகிறது. பேட்ச்டு மரபணு பிறவியிலேயே பழுதான பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். கதிர்வீச்சு பட்ட இடங்களில் அப்பிள்ளைக்குப் பின்னாளில் தோல் புற்றுநோய் எளிதில் தோன்றும்.

பழுதான இடத்துக்கே மருந்து

பேட்ச்டு என்னும் பிரேக் இல்லாவிட்டால், ஸ்மூதென்ட்டை நேரடியாக மருந்தால் அடக்கலாமே? அப்படிப்பட்ட மருந்துதான் விஸ்மோடெஜிப். 2012-இல் அமெரிக்காவில் ஒருவகைத் தோல் புற்றுநோய்க்கு அது அனுமதிக்கப்பட்டது. மெடுல்லோபிளாஸ்டோமாவிலும் சிலருக்குக் கட்டி சுருங்கியது.

இரண்டு சிக்கல்கள் எழுந்தன. முதலாவது, பழுது ஸ்மூதென்ட்டுக்குக் கீழே உள்ள புரதங்களில் இருந்தால் இந்த மருந்து வேலை செய்யாது. வீட்டுக்குள் குழாய் வெடித்திருக்கும்போது, வெளியே வாசலில் போகும் வடிகாலை அடைத்து என்ன பயன்? இரண்டாவது, எலும்புகள் நீள்வதற்கும் இதே செய்தி தேவை. வளரும் பிள்ளைகளுக்கு இம்மருந்தைக் கொடுத்தபோது சிலரின் எலும்பு நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் நிரந்தரமாக மூடிக்கொண்டன. ஆகவே, வளர்ச்சி முடிந்தவர்களுக்கே இதைக் கொடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு மருத்துவர்கள் வந்தார்கள். மூலக்கூறு தெரிந்தால் மட்டும் போதாது. அதே மூலக்கூறு உடலில் வேறெங்கே வேலை செய்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

கட்டியின் அடையாள அட்டை

அறுவையில் எடுத்த சிறு துண்டிலிருந்து வகையை எப்படிக் கண்டறிகிறார்கள்? ஒரு வழி, குறிப்பிட்ட புரதத்தோடு மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளைக் கொண்டு சாயமேற்றுவது. உட்கருவுக்குள் பீட்டா-கேட்டனின் தெரிந்தால் விண்ட் வகை என்று ஐயப்படலாம். பிறகு மரபணுச் சோதனையால் உறுதிசெய்வார்கள்.

இன்னொரு வழி டி.என்.ஏ. மெத்திலேற்றத்தைப் படிப்பது. டி.என்.ஏ.வின் சில இடங்களில் மெத்தில் என்னும் சிறு வேதித்தொகுதி ஒட்டிக்கொள்ளும். அது எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்பது, அந்த உயிரணு முதலில் எந்த வகை உயிரணுவிலிருந்து பிறந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் மைகாட் எண்ணைப் பாருங்கள். நடுவில் உள்ள இரண்டு இலக்கங்கள் நீங்கள் பிறந்த மாநிலத்தைக் குறிக்கின்றன. ஜொகூரில் பிறந்தவர் பிறகு கோலாலம்பூரில் குடியேறினாலும் அந்த எண் மாறாது. மெத்திலேற்றமும் ஏறக்குறைய அப்படித்தான். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர ஆய்வாளர்கள் 2018-இல், இந்த அடையாளத்தைக் கொண்டு மூளைக் கட்டிகளை 80-க்கு மேற்பட்ட வகைகளாகப் பிரித்தறியும் கணினி முறையை வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்த நோயாளிகளில் 100-க்குச் சுமார் 12 பேருக்கு, நுண்ணோக்கியால் சொன்ன நோயின் பெயரே மாறியது.

முன்கணிப்பு தீர்ப்பு அன்று

கடைசியாக ஒன்று. 54 விழுக்காடு என்று ஒரு மருத்துவர் சொன்னால், ஒரு பிள்ளை 54 விழுக்காடு பிழைக்கும் என்று பொருளில்லை. இதே போன்ற நோய் வந்து, இதே போன்ற சிகிச்சை பெற்ற முந்தைய பிள்ளைகளில் 100-க்கு 54 பேர் வாழ்ந்தார்கள் என்றுதான் பொருள். அது கூட்டத்தைப் பற்றிய எண். ஒரு தனி மனிதரின் தலையெழுத்து அன்று. சிகிச்சை மாறும்போது அந்த எண்ணும் மாறும். குஷிங்கின் காலத்தில் 61-க்கு ஒன்றாக இருந்தது இன்று எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்.

உங்கள் வகுப்பிலோ உறவிலோ இத்தகைய நோயிலிருந்து மீண்டவர் இருக்கலாம். அவர் மெதுவாக எழுதினால், ஒரு முறைக்கு இரு முறை கேட்டால், அது சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். அவருடைய மூளை ஒரு பெரும் போரைக் கடந்து வந்திருக்கிறது. குறிப்பெடுக்க உதவுங்கள், காத்திருங்கள். இன்னொரு பிள்ளைக்கு அந்தச் சுமை குறைய வேண்டும் என்பதற்காகவே மேலே சொன்ன ஆய்வுகளெல்லாம் நடக்கின்றன.

சொல் அறிவோம்

உள்வகை: ஒரே பெயரில் அழைக்கப்படும் நோய்க்குள் காரணத்தால் வேறுபடும் பிரிவு.
முன்கணிப்பு: நோய் இனி எப்படிப் போகும் என்று முந்தைய நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு மதிப்பிடுவது.
பிறழ்வு: மரபணுவின் எழுத்து வரிசையில் ஏற்படும் மாற்றம்.
மெத்திலேற்றம்: டி.என்.ஏ.வில் மெத்தில் தொகுதி ஒட்டுதல். எழுத்து வரிசையை மாற்றாமலே மரபணுவின் இயக்கத்தை மாற்றும்.
இரத்த-மூளைத் தடுப்பு: மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர், பல பொருள்களை உள்ளே விடாமல் தடுக்கும் அமைப்பு.

சிந்தித்து விடை காண்க

1. மேலே உள்ள கணக்கில், விண்ட் வகைப் பிள்ளைகள் 20 பேரையும் நீக்கிவிட்டு மற்ற 180 பேரின் சராசரியைக் காண்க. அது 72-இலிருந்து ஏன் மாறுகிறது?
2. பேட்ச்டு பழுதான கட்டிக்கும், ஸ்மூதென்ட்டுக்குக் கீழே உள்ள புரதம் பழுதான கட்டிக்கும் விஸ்மோடெஜிப் கொடுத்தால் என்ன வேறுபாடு இருக்கும்? ஒரு படம் வரைந்து விளக்குக.
3. ஒரு விண்ட் வகைக் கட்டியில் இரத்த-மூளைத் தடுப்பு சிதையாமல் இருந்தால், அந்தப் பிள்ளையின் முன்கணிப்பு எப்படி மாறக்கூடும்?
4. 'எல்லாருக்கும் குறைப்போம்', 'யாருக்குக் குறைக்கலாம் என்று கண்டறிந்து குறைப்போம்' ஆகிய இரண்டு அணுகுமுறைகளையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.